வேகாத விளக்கு

எலியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "எலிப்பொறி வாங்கி வாருங்கள் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. முதலில் அதைச் செய்யுங்கள், கட்டுரை பிறகு எழுதலாம்" என்று பதில் வந்தது. நியாயமான பேச்சுத்தான். ஆனால் நான் எழுத நினைத்தது எங்கள் வீட்டு அரிசி டின்னைச் சுற்றி வரும் எலியைப் பற்றி அல்ல. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சோதனைச்சாலைக் கூண்டுகளில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே மடிந்த சில சுண்டெலிகளைப் பற்றி. அந்தச் சுண்டெலிகளுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால், விருத்தாசலத்தில் இருக்கும் என் அக்காவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, பெரியம்மாவின் மகள். எங்கள் வீடுகளில் அந்த வித்தியாசம் கிடையாது. பெரியம்மாவைப் பாட்டி தன் சொந்தத் தம்பிக்கே கட்டிவைத்துவிட்டாள். "நிலமும் வெளியே போகவில்லை, பெண்ணும் வெளியே போகவில்லை" என்று பாட்டி கடைசிவரையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டோடு இன்னொன்றும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

அக்கா பிறந்து தொப்புள்கொடி விழுந்த பிறகு, அந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்ததாம். பாட்டி மஞ்சளை வைத்தாள். வசம்பைச் சுட்டு வைத்தாள். குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள். பல நாள் கழித்து எப்படியோ நின்றது. "தொப்புள் வழியாகப் போக இருந்த உயிரைக் கையால் பிடித்து நிறுத்தியவள் நான்" என்று அவள் சொல்வாள். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது ஒரு குடும்ப வேடிக்கை ஆகிவிட்டது. வைத்தியர் யாரிடமும் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கே ஞாபகம் இருப்பது முழங்கால் காயம். பாண்டி விளையாடும்போது விழுந்துவிட்டாள். சில்லுப்போல ஒரு சிறு காயம். எல்லோருக்கும் நிற்பதுபோல் ஐந்தாறு நிமிஷத்தில் ரத்தம் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் பாய் நனைந்திருக்கிறது! ஆறிய காயம் மறுபடி திறந்துகொண்டது. கட்டினோம், நின்றது, மறுநாள் மீண்டும் கசிந்தது. புண் மூடுவதற்கு ஒரு மாதம் பிடித்தது. மூடிய இடத்தில் வெங்காயச் சருகுபோல் மெல்லிய, அகலமான ஒரு தழும்பு விழுந்தது. இன்றைக்கும் அது இருக்கிறது. "சொறிந்திருப்பாள்" என்று பெரியவர்கள் அவளையே திட்டினார்கள். அவள் மேல் விழுந்த முதல் பழி அது.

அவளை விருத்தாசலத்தில் கொடுத்தார்கள். அத்தான் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை செய்தார். விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலையும், பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் மணிமுத்தாற்றையும் நினைக்கிறவர்கள் உண்டு. வண்டி மாறுவதற்காக ராத்திரி வேளையில் ஜங்ஷனில் காத்துக் கிடந்ததை நினைக்கிறவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரையில் அது வெள்ளை மண் ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடக்கும் மண்ணோடு வெண்களிமண்ணும் வருகிறது. அந்த மண்ணும் செராமிக் தொழில் கற்றுத் தரும் அரசாங்கக் கல்லூரியும் தொழிற்பேட்டையும் சேர்ந்து அந்த ஊருக்கு ஒரு பிழைப்பைக் கொடுத்திருக்கின்றன. ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, மின்சாரப் பெட்டியில் வைக்கும் ஃப்யூஸ், கொலு பொம்மை, கார்த்திகை வந்துவிட்டால் அகல் விளக்கு. அக்காவும் பட்டறைக்குப் போய் விளக்கு அச்சு எடுத்தாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் கைரேகைகளுக்குள் வெள்ளை மண் காய்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

கல்யாணமான ஐந்து வருஷத்தில் மூன்று முறை கர்ப்பம் கலைந்துவிட்டது. மூன்றும் மூன்றாம் மாதத்துக்குள். மூன்றாவது முறை அவளே பிழைத்தது பெரிய காரியம். அவளுடைய மாமியார் கெட்டவள் அல்ல என்பதை நான் சொல்லியாக வேண்டும். கெட்டவளாக இருந்திருந்தால் அக்காவுக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். அந்த அம்மாள் அழுதுகொண்டேதான் நாகப் பிரதிஷ்டை செய்தாள். அழுதுகொண்டேதான், வளைகாப்புக்கு வருகிற பெண்களின் பார்வையிலிருந்து அக்காவை உள்ளே போய் இருக்கச் சொன்னாள். ஊர் 'ராசியில்லாதவள்' என்றது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒரு வார்த்தைதானே?

டாக்டர்களிடம் காட்டாமல் இல்லை. ஒரு பெரிய ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தம் எத்தனை நிமிஷத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். சரியான நேரத்தில் உறைந்தது! அந்தக் காகிதத்தில் எல்லா இடத்திலும் 'நார்மல்' என்று எழுதியிருந்தது. "உடம்பில் கோளாறு இல்லை, மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். உடம்பில் கோளாறு இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது? ஜாதகத்தில் இருக்கிறது என்று ஊர் முடிவு செய்தது. விஞ்ஞானம் கொடுத்த அத்தாட்சியை வைத்துக்கொண்டே ஊர் அவளைத் தண்டித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அக்காவுக்கு நாற்பத்தேழு வயது ஆகும்போது அவளுடைய கடைசித் தம்பிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தம்பி கட்டியதும் தாய்மாமன் மகளைத்தான். பத்தாம் நாள் குழந்தையின் தொப்புளில் ரத்தம் கசிந்தது. இந்தத் தடவை மஞ்சள் வைக்கப் பாட்டி இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே இருந்த ஓர் இளம் டாக்டர், சின்னப் பெண், மருந்து எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள்: "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது தொப்புளில் ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தவள் அக்கா. "எனக்குத்தான் அம்மா" என்றாள்.

அத்தனை வருஷமும் எங்கள் வீட்டு வேடிக்கையாக இருந்த ஒரு செய்தி, அன்றைக்குத்தான் கேட்க வேண்டியவர் காதில் விழுந்தது.

இருவருடைய ரத்தத்தையும் எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். சோதனை மிகவும் எளியது. ரத்தத்தை உறையவைத்து, உறைந்த கட்டியை யூரியாக் கரைசலில் போட்டுவைக்க வேண்டும். ஆம், வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தக் கட்டி இருபத்துநான்கு மணி நேரம் ஆனாலும் அதில் கரையாமல் கிடக்கும். அக்காவின் கட்டியும் குழந்தையின் கட்டியும் சிறிது நேரத்திலேயே கரைந்து காணாமல் போய்விட்டன. 'பதின்மூன்றாம் காரணிக் குறைபாடு' என்று எழுதிக் கொடுத்தாள் அந்தப் பெண்.

அந்தச் செய்தி கேட்டு நான் விருத்தாசலம் போனேன். பதின்மூன்றாம் காரணி என்றால் என்ன என்று புத்தகங்களில் படித்துக்கொண்டு, அவளுக்கு விளங்கச் சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போனேன். ரத்தத்தில் ஃபைப்ரின் என்று ஒரு நார் உண்டு, காயம் பட்டதும் அது வலைபோல் பின்னிக்கொண்டு ரத்தத்தைத் தடுக்கிறது, அந்த நார்களைக் குறுக்கே பிணைத்து இறுக்குவது பதின்மூன்றாம் காரணி, அது இல்லாவிட்டால்... இப்படி நான் திணறிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து போய், காயவைத்திருந்த விளக்குகளில் ஒன்றையும், சூளையில் வெந்து வந்த விளக்கு ஒன்றையும் கொண்டு வந்தாள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருந்தன. இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டாள். வெந்த விளக்கு அடியில் போய்ச் சௌக்கியமாக உட்கார்ந்தது. வேகாத விளக்கின் விளிம்பிலிருந்து குமிழி கிளம்பியது; சற்று நேரத்தில் பொலபொலவென்று சரிந்து சேறாயிற்று.

"இதுதானேடா தம்பி?" என்றாள்.

இதுதான். இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. களிமண்ணைப் பிசைந்து அச்சில் அழுத்தி வெயிலில் காயவைத்தால் விளக்கின் உருவம் வந்துவிடுகிறது. ஆனால் அது இன்னும் மண்தான். ஐந்நூறு, அறுநூறு டிகிரிச் சூட்டில், மண்ணின் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும் நீரும் வெளியேறிய பிறகுதான் அது தண்ணீருக்குப் பயப்படாத பொருளாகிறது. அக்காவின் ரத்தத்தில் உருவம் வந்துவிடும், வேக்காடுதான் இல்லை. ஆஸ்பத்திரியில் 'எத்தனை நிமிஷத்தில் உருவம் வருகிறது' என்று பார்த்தார்கள். 'தண்ணீரில் போட்டால் நிற்குமா' என்று யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் எல்லாம் 'நார்மல்'. அதனால்தான் முழங்காலில் நின்ற ரத்தம் மறுநாள் காலையில் பாயை நனைத்தது.

இந்த வேக்காட்டைக் கண்டுபிடித்தவர்களின் கதையும் சுவையானதே. 1944-ல் ராபின்ஸ் என்பவர், உறைந்த ஃபைப்ரின் கரையாமல் இருப்பதற்கு வேறு ஏதோ ஒரு பொருள் வேண்டியிருக்கிறது என்று கவனித்தார். 1948-ல் லாகி, லோராண்ட் என்ற இரண்டு ஹங்கேரியர்கள் அதைத் தனியே அடையாளம் காட்டினார்கள். அது இல்லாமல் ஒரு மனிதர் பிறக்கக்கூடும் என்பது 1960-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு சிறுவனைப் பரிசோதித்த டுக்கர்ட் முதலிய டாக்டர்களுக்குத்தான் தெரிந்தது. அந்தப் பையனுக்கும் ரத்தப்போக்கு. அவனுக்கும் காயங்கள் சரியாக ஆறவில்லை. என் அக்காவின் முழங்கால் அங்கே ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது!

இனி எலிகளுக்கு வருகிறேன். ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று அறிய, அந்தப் பொருள் இல்லாத ஓர் உயிரைப் பார்ப்பது ஒரு வழி. மனிதரில் இருபது லட்சம் பேருக்கு ஒருவரிடம் காணும் குறை இது. ஆகவே பதின்மூன்றாம் காரணியைச் செய்யும் மரபணுவைச் செயலிழக்கச் செய்து சுண்டெலிகளைப் பிறப்பித்தார்கள். 2002-ல் ஜெர்மனியில் அப்படிப்பட்ட எலிகளைப் பற்றிய செய்தி வெளிவந்தது. 2005-ல் ஐடா இன்பால் என்ற டாக்டரும் அவருடன் சேர்ந்தவர்களும், இந்தக் குறையுள்ள எலிகளின் தோலில் சிறு காயம் உண்டாக்கி, தினமும் அளந்து பார்த்தார்கள். பதினோராம் நாள் சாதாரண எலிகளின் காயம் முழுவதும் மூடிவிட்டது. குறையுள்ள எலிகளுக்கு நூற்றுக்கு 73 பங்குதான் மூடியிருந்தது. அதே குறையுள்ள எலிகளில் சிலவற்றுக்கு வெளியிலிருந்து அந்தக் காரணியைக் கொடுத்தபோது 90 பங்கு மூடிற்று.

ரத்தம் நிற்பது ஒன்று, காயம் ஆறுவது ஒன்று என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியும். உறைந்த ரத்தம் ஓட்டையை அடைக்கும் தக்கை மட்டும் அல்ல. கொத்தனார் கட்டுகிற சாரமும் அதுதான். அதன்மேல் ஏறித்தான் புதுத்தோலைக் கட்டும் உயிரணுக்கள் வேலை செய்கின்றன. சாரம் இற்றுச் சரிந்துகொண்டே இருந்தால் சுவர் எப்படி எழும்பும்? அக்கா சொறியவில்லை. சாரம் சரிந்தது.

இன்னொரு சோதனை ஜப்பானில் நடந்தது. 2003-ல் இச்சினோசே குழுவினர் வெளியிட்டது. அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். குறையுள்ள பெண் எலிகள் கருத்தரித்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கர்ப்ப காலத்திலேயே ரத்தப்போக்கில் இறந்துவிட்டன. எலியின் கர்ப்பம் ஏறத்தாழ இருபது நாள். பத்தாம் நாளையொட்டி, குட்டிக்கு உணவு கொடுக்கும் நஞ்சுக்கொடியின் இடத்தில் ரத்தம் பெருகி எல்லாவற்றையும் அழித்தது. வயிற்றில் இருந்த குட்டி எந்த மரபணுவோடு இருந்தாலும் முடிவு ஒன்றுதான். கருவில் குற்றம் இல்லை. கரு பற்றிக்கொண்டிருந்த இடத்தில், தாயின் ரத்தத்தில், ஒரு சிட்டிகை வேக்காடு இல்லை. அவ்வளவே.

எலிக்கு ஜாதகம் கிடையாது. நாகதோஷம் கிடையாது. அதை ராசியில்லாதவள் என்று சொல்ல ஒரு தெரு கிடையாது. இருந்தும் அக்காவுக்கு நடந்ததுதான் அதற்கும் நடந்தது.

இந்தக் குறை அக்காவுக்கு எப்படி வந்தது? ரத்தம் நிற்காத வியாதி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஹீமோஃபீலியா. அது தாய் வழியே வந்து பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்குவது. பதின்மூன்றாம் காரணியின் விஷயம் வேறு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் வந்து சேர்ந்தால்தான் இது வெளிப்படும். பெண்ணென்றும் ஆணென்றும் பார்க்காது. ஒன்று மட்டும் இருப்பவர் நூறு வயது வரை ஒன்றும் தெரியாமல் வாழலாம். ரத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இந்தக் காரணி இருந்தாலே பெரும்பாலும் உயிருக்குப் போதும். ஆனால் ஒரே பாட்டன் வீட்டுச் சொத்து இரண்டு வழியாக இறங்கி ஒரு குழந்தையிடம் சேர்வதற்கு, நம்முடைய மாமன் மகள், அக்காள் மகள் கல்யாணங்களைப் போல் வசதியான பாதை வேறு இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள் கல்யாணமானவர்கள். 2006-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லாத எட்டு இந்தியர்களிடம் இந்த மரபணுவின் பழுதுகளை ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத ஐந்து மாறுதல்களைக் கண்டார்கள். ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒவ்வொரு விதமான உடைந்த பாத்திரம் இருப்பதைப்போல!

உறவில் கல்யாணம் செய்தவர்களை நிந்திப்பதற்காக இதை நான் எழுதவில்லை. பாட்டியை நிந்திக்க எனக்கு மனம் வராது. அப்படிச் செய்துகொண்ட பெரும்பாலான குடும்பங்களில் பிள்ளைகள் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். ஆனால் ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் குறையில் சரிபாதி பெரியப்பா கொடுத்தது, சரிபாதி பெரியம்மா கொடுத்தது. அவள் சம்பாதித்தது அதில் ஒரு தம்பிடிகூட இல்லை. பழி மட்டும் முழுக்க அவள் பேரில் எழுதப்பட்டது.

பரிகாரம் இருக்கிறது. தானமாக வந்த ரத்தத்தின் பிளாஸ்மாவைக் கடுங்குளிரில் உறையவைத்து, மெதுவாக இளக்கினால் அடியில் ஒரு வெண்படிவு தங்கும். கிரையோ என்கிறார்கள். அதில் பதின்மூன்றாம் காரணி இருக்கிறது. உடம்புக்குள் போன அந்தக் காரணி சீக்கிரம் அழிவதில்லை. பாதியாகக் குறையவே ஒன்பது முதல் பதினான்கு நாள் வரை ஆகும். ஆகவே நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றிக்கொண்டால் பெரும்பாலும் போதும். கர்ப்பமான பெண்ணுக்கு இன்னும் அடிக்கடி வேண்டும். கொடுத்தால் குழந்தை தங்கும். மூளைக்குள் ரத்தம் கசிந்து சாவதுதான் இந்தக் குறையில் பெரிய அபாயம். "நாற்பத்தேழு வயது வரை இவர் எப்படித் தப்பினார் என்பதே ஆச்சரியம்" என்று அந்த டாக்டர் சொன்னாள்.

பையனுக்கு இப்போது பதினொரு வயது. மாதா மாதம் அவனை ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவள் அக்காதான். அத்தையும் மருமகனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து ஏற்றிக்கொண்டு சாயந்திர வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவன் முழங்காலில் எத்தனையோ சிராய்ப்பு. ஒன்றுகூட வெங்காயச் சருகாகவில்லை.

சென்ற கார்த்திகைக்கு முன்னால் போயிருந்தேன். அந்த ஜப்பான் எலிகளின் கதையை அதுவரையில் நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லுவது நல்லதா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் விளக்குகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். கை ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடி அடுக்கிற்று.

"அதுங்களுக்கும் கலைஞ்சுதா?"

"கலைந்தது அக்கா."

"அப்ப என் மேல ஒண்ணுமில்லே."

"ஒன்றுமே இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சிரித்தாள். "ஆழத்துப் பிள்ளையார் கோயில் படியில எத்தனை வருஷம் இறங்கி ஏறியிருப்பேன்! 'என்ன பாவம் பண்ணினேன், சொல்லு, சொல்லு'ன்னு அவரையே கேட்டுக்கிட்டிருந்தேன். காலடியில இருக்கிறவரைக் கேட்டிருக்கணும் போலிருக்கே!"

அத்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் அடுக்கிய விளக்குகளைச் சூளைக்குப் போகும் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார்.

ஊருக்குத் திரும்பியதும் நான் எலிப்பொறி வாங்கவில்லை. அரிசி டின்னுக்குக் கனமான ஒரு மூடி வாங்கிப் போட்டேன்.